4-எச் கிளப் தலைவிக்குப் பாராட்டு விழா: நாங்கள் என்ன கொண்டுபோவது?

அயோவா புதுவரவு:
வணக்கம். டிசம்பரில்தான் அயோவாவுக்குக் குடிவந்தோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இங்கே 4-எச் என்ற இளையோர் அமைப்பின் கிளப்பில் சேர்ந்து வெள்ளாடு வளர்க்கிறாள். முப்பது ஆண்டுகளாக அந்தக் கிளப்பை நடத்திவரும் அம்மையாருக்கு வரும் சனிக்கிழமை பாராட்டு விழா. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது கொண்டுவர வேண்டுமாம். உறையில் பணமா, பட்டுப்புடவையா, குத்துவிளக்கா? பொன்னாடை போர்த்தலாம் என்கிறார் கணவர். மகளோ இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் அழுகிறாள். விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மினியாபொலிஸ் மாமி:
முதல் குளிர்காலம் குழந்தைகளை வாட்டிவிடும், தாயே. நாங்கள் வந்த ஆண்டு கார் கிடையாது. பஸ் நிறுத்தத்தில் காது விறைத்துப்போய் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. என் பையனும் இப்படித்தான் காரணம் சொல்லாமல் அழுதான். மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். நல்ல பூட்ஸ் வாங்குங்கள். விழா, பரிசு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டெக்சாஸ் வாசி:
அந்த அழுகைக்குக் குளிர் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன், மாமி. சகோதரி, மகள் வளர்ப்பது காயடித்த கிடாயா, இனப்பெருக்கத்துக்கான பெட்டையா? கிடாயென்றால் கோடையில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கண்காட்சியோடு அதன் காலம் முடிந்துவிடும். பெரும்பாலும் ஏலம், அதன்பின் இறைச்சிக் கூடம். இதை யாரோ அவளிடம் இப்போதுதான் சொல்லியிருப்பார்கள். என் மகளும் இதைத் தாங்க முடியாமல் தொழுவத்திலேயே படுத்திருந்தாள். அன்று அவளருகில் உட்கார்ந்து பேசியவர் அவளுடைய கிளப் தலைவர். ஊதியம் வாங்காத மனிதர்.

கொங்கு நாட்டவன்:
பொன்னாடையே போர்த்துங்கள். நம் மரியாதையை நம் முறையில் காட்டுவதில் தயக்கம் எதற்கு? எங்கள் ஊரில் ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு.

எடிசன்காரர்:
வேண்டவே வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமல் தோளில் துணியைப் போட்டால் அந்த அம்மையார் திகைத்துப்போவார். பரிசு அட்டை போதும். பொன்னாடை என்றாலே எனக்குக் கசப்பு. இங்கே எங்கள் ஊர்த் தமிழ் விழாக்களில் அது நன்கொடையாளர்களுக்குத்தான் போகிறது. இருபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு அ, ஆ கற்றுத்தரும் ஆசிரியையை மேடையேற்றியதே இல்லை.

கொங்கு நாட்டவன்:
அது உண்மை, ஐயா. நாற்காலி அடுக்குபவர் பெயரையும் யாரும் சொல்வதில்லை. நன்கொடைப் பட்டியலை வாசிக்கவே நேரம் போதவில்லை.

ஒஹையோ அக்கா:
அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் சனிக்கிழமை நெருங்குகிறதே. நான் ஒஹையோவில் 4-எச் தன்னார்வலர். 1902-இல் இங்கே கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கிய இளையோர் கிளப்பைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். உங்கள் அயோவாவுக்கும் பங்குண்டு. பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியை மூவிலைச் சின்னம் கொடுத்து வளர்த்த இயக்கம் இது. அன்று முதல் இன்றுவரை இதைத் தாங்குபவர்கள் தன்னார்வலர்கள்தான். ஆடுகளை எடை போடும் நாளில் விடியற்காலையில் வருவது, ஆட்டின் காதில் ஸ்கிரேப்பி என்ற ஆட்டு நோய்த் தடுப்புக்கான அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, பிள்ளைகளின் தீவனக் கணக்குப் பதிவேட்டைத் திருத்துவது எல்லாம் அவர்கள் வேலை. முப்பது ஆண்டு என்பது சாதாரணமல்ல. வந்த கடிதத்தை அப்படியே இங்கே எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

அயோவா புதுவரவு:
"பகிர்ந்துகொள்ள ஓர் உணவும், ஒரு நினைவும் கொண்டுவாருங்கள்" என்று இருக்கிறது, அக்கா. மகள் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். அவளுடையது கிடாய்தான். டெக்சாஸ் அண்ணன் சொன்னது சரி. ஏலத்தைப் பற்றிச் சென்ற கூட்டத்தில்தான் அறிந்திருக்கிறாள்.

ஒஹையோ அக்கா:
அப்படியானால் பணமும் வேண்டாம், பட்டும் வேண்டாம். எலுமிச்சைச் சாதம் கொண்டுபோங்கள். காரத்தைக் குறையுங்கள். வேர்க்கடலையோ முந்திரியோ போட்டிருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் அருகே வையுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். பொன்னாடை பற்றி விழா நடத்துபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சரி என்றால் மகளே ஒரு வரியில் விளக்கிவிட்டுக் கையில் கொடுக்கட்டும்.

பேச்சில் "நல்லவர், வல்லவர்" வேண்டாம். அந்த அம்மையார் தனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லட்டும். கயிற்றைப் பிடித்து ஆட்டை நடத்துவதோ, குளம்பு வெட்டுவதோ, எதுவானாலும் சரி. அதையே கையால் எழுதி, ஆட்டோடு எடுத்த படத்தை ஒட்டிக் கொடுங்கள். சேவை ஆண்டுகளுக்கான சின்னத்தைக் கவுண்டி கொடுத்துவிடும். பிள்ளையின் கடிதத்தை உங்களால்தான் கொடுக்க முடியும்.

அழுகைக்கும் வழி இருக்கிறது. விழாவுக்கு முன்பே அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் கவுண்டி ஏலத்தில் ஆடு கட்டாயம் போக வேண்டுமா, வீட்டுக்குத் திரும்ப வழியுண்டா என்று கேளுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். அடுத்த ஆண்டு பெட்டையாடு வளர்க்கலாமா என்றும் கேட்டுவையுங்கள்.

அயோவா புதுவரவு:
இப்போதே அழைக்கிறேன், அக்கா. எலுமிச்சைச் சாதம் எத்தனை பேருக்குச் செய்வது?

ஒஹையோ அக்கா:
எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். பதினைந்து பேருக்குப் போதும். கரண்டி மறக்காதீர்கள்.