கூட்டாளிட இரண்டரை ஏக்கர்: காசு எப்ப, எதுக்கு?

செயலாளர், லண்டன்:

எல்லாருக்கும் வணக்கம். மாமி போன கிழமைதான் ஊரால வந்தவ. நடுவட்டை வயல்வெளியில சுத்திவர எல்லாரும் வரம்பு கட்டி உழவுக்கு நிக்க, நம்மட கூட்டாளிட இரண்டரை ஏக்கர் மட்டும் புல்லுப் பத்திக் கிடக்காம். மேற்கு வரம்பு இரண்டு இடத்தில உடைஞ்சு போச்சாம். கால் ஒப்பரேசனுக்குப் பிறகு இந்த மாரி முழுக்க அவருக்குச் சேத்துக்குள்ள இறங்க ஏலா. மகன் உயர்தரம் படிக்கிற பிள்ளை. அவரோட ஓராம் வகுப்பில ஒரே வாங்கில இருந்தவங்க இந்தக் குழுவில 11 பேர் இருக்கம். ஆளுக்கொரு தொகை போட்டு ஒண்டா அனுப்புவமா?

பொருளாளர், ரொறன்ரோ:

அனுப்பலாம். ஆனா ஊரில கிணறு கட்டக் காசு அனுப்பின விசயம் மாதிரி ஆகக் கூடாது. 40 பேக் சீமெந்துக்குக் காசு போனது, 31 தான் இறங்கினது. மிச்சம் எங்க எண்டு இண்டை வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கல்ல. ஏக்கருக்கு என்ன சாமான் தேவை, ஆர் வாங்குறது, பற்றுச்சீட்டு ஆர்ட கையில நிக்கும்? இதை எழுதித் தாங்க. அதுக்குப் பிறகு காசைப் பத்திக் கதைப்பம்.

வடக்கு வளவு அண்ணன், சூரிச்:

தம்பி கேக்கிறது நியாயம். ஆனா சாமான் கணக்கு மட்டும் போதாது, நாள் கணக்கும் வேணும். டீசல் கார்த்திகையில வந்தா உழவுக்கு உதவாது. மருந்து ஒரு கிழமை பிந்தினாப் புல்லுத்தான் விளையும். மொத்தமா அனுப்புற காசு வீட்டுச் செலவோட கரைஞ்சு போகும், வயல் அப்பிடியே கிடக்கும்.

முதல் உழவு. மழை விழுந்து மண் ஊறினதும் ஒருதரம் உழுது, தண்ணி கட்டி 10, 14 நாள் விடவேணும். அதுக்குள்ள கோழிச்சூடன் புல்லும், நெல்லு மாதிரியே இருக்கிற பன்றிநெல் எண்ட களையும் முளைச்சு வரும். இரண்டாம் உழவில அதெல்லாம் சேத்துக்குள்ள போய் அழுகும். காசு மிச்சம் எண்டு ஒரே நாளில ரொட்டவேற்றர் போட்டு முடிச்சா அந்தப் புல்லு நெல்லோட சேர்ந்து வளரும். பன்றிநெல்லைக் கதிர் வாறவரைக்கும் நெல்லில இருந்து பிரிச்சுக் காணவும் ஏலா. மறுகா பலகை அடிச்சு மட்டம் பாக்கணும். பள்ளத்தில விதை அழுகும், மேட்டில புல்லு நிக்கும். இதுக்குத் தனியா ட்ராக்டர் பிடிக்கத் தேவையில்ல. பக்கத்து வயலில ஓடுற ட்ராக்டரை அண்டைக்கே வரம்பு தாண்டி இறக்கினா டீசலும் சாரதிட சோறும்தான் செலவு. இன்னொரு நாள் தெருவால வரவழைச்சா வாடகையும் போய், நாலு பேர்ட வரம்பும் உடையும்.

விதை. ஏக்கருக்கு 2 புசல், ஆக 5 புசல், ஏறக்குறைய 105 கிலோ. மூண்டு போடுறவங்களும் இருக்காங்க, வேணாம். அடர்த்தியா நிண்டாக் காத்து ஓடாது, நெல்லுட சாறை உறிஞ்சுற அறக்கொட்டிப் பூச்சி அங்கதான் குடியிருக்கும். பி.ஜி. 352 இன நெல்லு நல்லது, மூண்டரை மாசத்தில விளையும். ஐப்பசி முதல் கிழமையில, அதாவது ஒக்ரோபர் 20 அளவில எறிஞ்சா பெப்ரவரி தொடக்கத்தில வெட்டலாம். மூட்டை வந்த உடன 100 மணி எண்ணி ஈரச் சாக்குத் துண்டில சுத்தி வைச்சு, ஏழாம் நாள் பாக்கச் சொல்லுங்க. 85 முளைச்சாச் சரி. குறைஞ்சா மூட்டையைத் திருப்பிக் குடுக்க நாள் கிடக்கு. விதைக்கிறதுக்கு முதல் உப்புத் தண்ணியில போடணும். நல்ல முட்டை ஒண்டு மிதந்து அதுட முதுகு ஒரு ரூபாக் குத்தியளவு வெளிய தெரியுமட்டும் உப்புக் கரைக்கிறது. மிதக்கிற பதரை அள்ளிப் போட்டு, அடியில தாண்ட மணியை நல்ல தண்ணியில இரண்டு தரம் கழுவிறது. மறுகா ஒரு நாள் ஊறல், ஒரு நாள், ஒண்டரை நாள் சாக்கில கட்டி வைப்பு. முளை ஊசி முனையளவு எட்டிப் பாக்கக்குள்ள எறியணும். நீளவிட்டா எறியிற கையிலயே முறியும்.

இனி வக்கடை, தண்ணி விட வரம்பில வெட்டுற வாய். கூட்டாளிட வயலுக்குத் தண்ணி மேல்வயலுக்குள்ளாலதான் வருது. விதைச்சு 10 முதல் 14 நாளுக்குள்ள புல்லுக்கு மருந்து. அடிக்க முதல் தண்ணியை வடிச்சு, புல்லுட இலை வெளிய நிக்கவேணும். அடிச்சு இரண்டு மூண்டு நாளில திரும்பக் கட்டவேணும். வடிச்ச அண்டைக்கு மேல்வயல்காரர் தன்ட வக்கடையைத் திறந்துவிட்டா அடிச்ச மருந்து வெள்ளத்தோட போயிரும். கட்டவேண்டிய அண்டைக்கு அவர் அடைச்சு வைச்சா மண் வெடிச்சுப் புல்லுத் திரும்ப எழும்பும். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில தண்ணி நிறைஞ்சு ஓடினாலும் அந்த ஒரு சாண் வெட்டுத்தான் இரண்டரை ஏக்கரையும் காப்பாத்தும். எவ்வளவு காசு அனுப்பினாலும் அந்த வக்கடையை நம்மால வாங்க ஏலா. மேல்வயல்காரர் ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

யூரியாவைப் பிரிச்சுப் போடுறது ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், விடுறன். ஒண்டு மட்டும்: இலை கறுத்து நிக்கட்டும் எண்டு அள்ளிப் போட்டா அறக்கொட்டியை வெத்திலை வைச்சுக் கூப்பிட்ட மாதிரி. வட்டமாக் காஞ்சு தெரிஞ்சாத் தண்ணியை வடிச்சு, தூரைப் பிரிச்சுப் பாக்கணும். கண்ட மருந்தையும் அடிச்சா அதைத் தின்னுற சிலந்தி செத்துப் போகும், அறக்கொட்டி பெருகும்.

கதிர் முத்தினாப் பிறகு யானைக் காவல். இந்த இடத்தில வேற்றாளுக்குக் கூலி குடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல. வரம்புக்காரர் நாலு பேர் முறை வைச்சு நிக்கக்குள்ள கூட்டாளிட வயலுக்கும் சேர்த்து லைற் அடிச்சாப் போதும். அவர்ட முறைக்கு மகனை இழுக்காம, ரோச் பற்றறியும் தேத்தண்ணிச் சாமானும் நம்மட கணக்கில போகட்டும்.

கடைசி வெட்டு. கதிரில நூற்றுக்கு 85 மணி பழுத்தாப் போதும். முழுக்கப் பழுக்கட்டும் எண்டு நிண்டாக் கொட்டுண்டு போகும். பத்து நாளைக்கு முதலே தண்ணி வடிய வேணும். ஈரம் நிண்டாச் செயின் பூட்டின வெட்டு மெசின்தான், டயர் மெசின் புதையும். அவர்ட வயல் நடுவில கிடக்கு, மெசின் தெருவில இருந்து மூண்டு வயல் கடக்கணும். முன்னுக்குக் கிடக்கிற மூண்டும் வெட்டி முடிய அதே மெசின் அப்பிடியே உள்ளுக்கு இறங்கணும். வெளிய போனா ஒரு கிழமைக்கும் திரும்பி வராது. அந்த நேரம் ஒரு மழை விழுந்தாப் பயிர் படுத்து, மணி முளைக்கத் தொடங்கும். ஆனபடியா மெசின் காசு ஜனவரி மாசக் கடைசியில கையில நிக்கவேணும், முன்னுக்கும் வேணாம் பின்னுக்கும் வேணாம். மெசின் வயலுக்குள்ள இறங்க முதல் அதுட வாயையும் சல்லடையையும் தட்டிக் கூட்டச் சொல்லுங்க. முந்தின வட்டையில வெட்டின பன்றிநெல் அதுக்குள்ளதான் ஒளிச்சு வரும்.

அக்கா, மெல்பேர்ன்:

எல்லாம் சரி அண்ணன். ஆனா உதவி எண்ட சொல்லோட ஒருத்தரும் அந்தப் படலையைத் திறக்காதீங்க. 1978 சூறாவளிக்குப் பிறகு ஊரில பாதி வயல் ஆர் வீட்டு விதைநெல்லில விதைச்சது? கூட்டாளிட தகப்பன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டல்ல. அவர்ட மகன் இவர், கை நீட்ட மாட்டார். இன்னொண்டையும் சொல்லத்தான் வேணும். அந்தத் தகப்பன் காலமானப்ப இந்தக் குழுவில இருந்து எத்தனை பேர் ஒரு கோல் எடுத்தீங்க? நான் எண்ணி வைச்சிருக்கிறன். இப்ப பதினொரு பேர் பேர்ப்பட்டியல் போட்டு அனுப்பினா அவருக்கு அது வெக்கம், நமக்கு அதைவிட வெக்கம்.

வடக்கு வளவு அண்ணன், சூரிச்:

தங்கச்சி சொன்னது எல்லாருக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். அதால இதைக் கைமாற்றா வைப்பம். விதைநெல் கைமாற்றுக்கு வட்டி இல்ல. விதையா வாங்கினா விதையாத்தான் குடுக்கிறது. 5 புசல் போகட்டும். வெட்டினாப் பிறகு அவர் 5 புசல் ஒதுக்கி வைச்சு, அடுத்த மாரிக்கு முடியாத இன்னொருத்தருக்குக் குடுக்கட்டும். அது ஊர் வழக்கம், அதை வாங்க அவருக்குக் கூச்சம் வராது.

ஆனா ஒதுக்கிற நெல்லைத் தார் றோட்டில காயப் போடாதீங்க. உச்சி வெயிலில தார்ச் சூடு விதைட முளையைச் சாகடிச்சுப்போடும். பாயில இரண்டு விரல் கனத்தில பரப்பி, அரை மணிக்கொருக்காக் கிளறி, உச்சி நேரம் குவிச்சு மூடி, பின்னேரம் திரும்பப் பரப்பணும். பல்லில கடிச்சா 'டிக்' எண்டு உடையணும், நசியக் கூடாது. சாக்கைச் சீமெந்து நிலத்தில வைக்காமப் பலகைக்கு மேல, சுவரில முட்டாம அடுக்கணும். புது நெல்லுக்கு உறக்கம் இருக்கு, உடன முளைக்காது; வெட்டின கையோட முளைக்கப் போட்டுப் பாத்துப் பழுது எண்டு தள்ளிப்போடாதீங்க.

பொருளாளர், ரொறன்ரோ:

விளங்கிச்சு. மூண்டு தவணையாப் பிரிக்கிறன். உழவு டீசலும் விதையும் இந்தக் கிழமை போகும். மருந்தும் யூரியாவும் விதைச்ச நாள் தெரிஞ்சதும். மெசின் காசு ஜனவரி கடைசியில. பற்றுச்சீட்டை மகன் போனில படம் எடுத்து அனுப்பட்டும், தகப்பனுக்குத் தெரியத் தேவையில்ல. பேர்ப்பட்டியல் போடமாட்டன். கிணத்துக் கணக்கை நான் இன்னும் மறக்கல்ல, ஆனா இதோட சேர்த்துக் கதைக்கல்ல. ஒரு கேள்விதான் மிச்சம்: மேல்வயல்காரரோட ஆர் கதைக்கிறது? வேலிப் பிரச்சினைக்குப் பிறகு அந்த இரண்டு வீடும் முகம் பாக்கிறதில்ல.

அக்கா, மெல்பேர்ன்:

நான் கதைக்கிறன். அவர்ட மனிசிக்கு இண்டைக்கே எடுப்பன். மருந்து அடிக்கிற நாளும் தண்ணி கட்டுற நாளும் மட்டும் சொல்லுவன். வேலியைப் பத்தி ஒரு சொல்லும் எடுக்கமாட்டன். அண்ணன், அந்த இரண்டு நாளையும் எனக்குத் தனிய எழுதி அனுப்புங்க.