விளக்கின் முன் பிடித்துப் பார்க்காத துணி

நான் செய்த முதல் லேம்ப்ஷேடு பகலில் மிக அழகாக இருந்தது. 30 செ.மீ. விட்டமுள்ள இரண்டு கம்பி வளையங்கள், ஒருபக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள், சிறு பூக்கள் அச்சிட்ட கரும்பச்சைப் பருத்தித் துணி ஆகியவற்றைக் கொண்டு ஒரே மாலையில் அதைச் செய்து முடித்தேன். இரவில் விளக்கைப் போட்டபோது பூக்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. அடர்ந்த நிறம் வெளிச்சத்தை ஊடுருவ விடாததால், மேல்வாயிலும் கீழ்வாயிலும் மட்டும் ஒளி வழிய, நடுவே இருண்ட உருளை ஒன்று நின்றது. அறை முழுவதும் ஒளி மென்மையாகப் பரவ வேண்டும் என்று விரும்பிச் செய்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

இரண்டாவது முறை வெளிர் மஞ்சள் லினன் துணியை எடுத்தேன். ஒளி நன்றாகவே பரவியது. ஆனால் பகலில் கண்ணில் படாத குறைகளையெல்லாம் அது கூடவே காட்டியது. துணிக்கும் தாளுக்கும் இடையே சிக்கிய நூல் துண்டு ஒன்று தலைமுடி போல நடுவில் தெரிந்தது. இரு ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடம் கறுத்த பட்டையாகத் தெரிந்தது. அங்கே நான் தாராளமாகத் தடவியிருந்த பசை திட்டுத் திட்டாக நின்றது. அன்றிலிருந்து, எரியும் பல்புக்கு முன்னால் ஒரு முறையும் அதை அணைத்துவிட்டு ஒரு முறையும் பிடித்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் நான் வெட்டுவதில்லை. இஸ்திரி போட்ட பிறகு, ஒட்டுநாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு துணியின் பின்பக்கம் முழுவதும் ஒற்றித் தூசியையும் நூலையும் எடுத்துவிடுகிறேன்.

அளவைப் பொறுத்தவரை, விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு 94.2 செ.மீ. வரும், ஓரங்கள் படிவதற்கு 1.5 செ.மீ. சேர்த்து, ஏறக்குறைய 96 செ.மீ. நீளத்துக்குத் தாளை வெட்ட வேண்டும். துணி மேலும் கீழும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக இருந்தால்தான் வளையத்தைச் சுற்றி உள்ளே மடிக்க முடியும். வளையங்களில் இருபக்க ஒட்டுநாடாவைச் சுற்றி, தாளின் இரு விளிம்புகளிலும் அவற்றை ஒருசேர உருட்டிக்கொண்டு போவதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும். ஒரு வளையம் சில மில்லிமீட்டர் முந்திவிட்டாலும் ஷேடு கோணிவிடும்.

மறுமொழி 1

நீங்கள் சொன்ன உருளை வடிவம் எனக்கு எளிதில் வந்துவிட்டது. மேலே குறுகிக் கீழே விரியும் வடிவத்தில்தான் நெடுநாள் தடுமாறினேன். அதற்கு நீள்சதுரத் துணி பொருந்தாது, விசிறி போன்ற வில் வடிவில் வெட்ட வேண்டும் என்பது இரண்டு துணிகளை வீணாக்கிய பிறகே புரிந்தது. பள்ளியில் படித்த கூம்பின் கணக்கு இங்கே உதவுகிறது. சாய்வு நீளத்தைக் கீழ்விட்டத்தால் பெருக்கி, இரு விட்டங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வெளி வில்லின் ஆரம் கிடைக்கும். என்னுடையதில் கீழ்விட்டம் 30 செ.மீ., மேல்விட்டம் 20, சாய்வு நீளம் 20. ஆகவே வெளி ஆரம் 60 செ.மீ., அதில் சாய்வு நீளத்தைக் கழித்தால் உள் ஆரம் 40. இந்த அளவுகளுக்குச் சரியாகக் கால் வட்டம் அமைந்தது. ஓரம் படிவதற்கு மட்டும் சற்றுக் கூடுதலாக விட்டேன். ஆணியில் கட்டிய நூலின் மறுமுனையில் பென்சிலைக் கட்டி, பெரிய காகிதத்தில் இரு வில்களையும் வரைந்து வெட்டி, அதை வளையங்களில் சுற்றிப் பார்த்த பிறகுதான் துணியைத் தொட்டேன்.

இந்த வடிவத்துக்குக் கோடு போட்ட துணியை எடுக்காதீர்கள். நடுவில் நேராக நிற்கும் கோடுகள், பக்கவாட்டில் செல்லச் செல்லச் சாய்ந்து, இணைப்பில் கூரை முகடு போல முட்டிக்கொள்கின்றன.

மறுமொழி 2

நான் தாளே இல்லாமல், செங்குத்துக் கம்பிகளுள்ள கூட்டின்மீது துணியை இழுத்துத் தைப்பவள். முதலில் ஒவ்வொரு கம்பியையும் பருத்தி நாடாவால் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். குண்டூசி குத்தவும் தையல் போடவும் அதுவே பிடிமானம். துணியை நேராக வைக்காமல், தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் 45 பாகைக் குறுக்கில் வைத்தால்தான் அது வளைவுகளுக்கு ஏற்ப இழுபடும். பாதிக் கூட்டுக்கு ஒரு துண்டு, மறுபாதிக்கு ஒரு துண்டு என்று வெட்டி, இரண்டு இணைப்புகளும் கம்பிகளின் மேலேயே விழுமாறு தைத்தால், அவற்றின் நிழல் கம்பியின் நிழலுக்குள் அடங்கிவிடும். முதலில் எழுதியவர் குறிப்பிட்ட கறுத்த பட்டைக்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுவே.

வெப்பத்தைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆசையாகத் தைத்த பட்டு ஷேடு ஒன்றில் 60 வாட் குண்டு பல்பைப் போட்டிருந்தேன். அவ்வகைப் பல்பு, தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. சில மாதங்களில், பல்புக்கு மிக அருகில் இருந்த பட்டு பழுப்பாகி, தொட்டதும் கிழிந்தது. தீப்பற்றாமல் போனதை நினைத்தால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது. இப்போது ஏறத்தாழ அதே வெளிச்சம் தரும் 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. பல்பை மட்டுமே போடுகிறேன். 2700 கெல்வின் அளவிலுள்ள இளமஞ்சள் ஒளி துணிக்கு இணக்கமாக இருக்கிறது. அப்படியும் பல்பு துணியை ஒட்டி நிற்காதபடி பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மா பூவேலை செய்திருந்த பழைய தலையணை உறையை ஒரு சிறிய கூட்டுக்குப் போட்டேன். முன்பக்கத்தில் ஏழு பூக்கள் மட்டுமே உண்டு. விளக்கைப் போட்டதும், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அவர் பின்பக்கமாக இழுத்துச் சென்ற நூல்கள் கொடிகளாகத் தெரிந்தன. தையலைப் பிரித்து அவற்றை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன்; சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.