மறுமொழி: ஃப்ரீ ப்ளே – 'தளர்வு' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். வாகனக் கலைச்சொல் தொகுப்புக்காக, ஸ்டியரிங்கின் (திசைமாற்றியின்) 'ஃப்ரீ ப்ளே' (free play) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> 'திசைமாற்றித் தளர்வு' என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் தயக்கம். தளர்வு என்றாலே பழுது என்று பொருள்படுகிறது. ஃப்ரீ ப்ளே பழுதல்ல, அது ஓர் அளவு. ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும்போது முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை கை வீணாக நகரும் தூரம் அது. நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் அது கொஞ்சம் இருக்கும். பல கார்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளில் ஸ்டியரிங் வளையத்தின் விளிம்பில் அளந்து 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். 'தளர்வு 30 மில்லிமீட்டர் வரை சரி' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் குழம்புவார்.

பட்டறையில் இதற்குப் புழங்கும் சொல் 'ஆட்டம்'. "ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு சார்" என்பார்கள். நேற்றுவரை நானும் அதன் பக்கம்தான். ஆனால் அதே பட்டறையில் பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடினாலும் ஆட்டம்தான், வளையம் கையில் அதிர்ந்தாலும் ஆட்டம்தான். என் காரில் எண்பதைத் தாண்டினால் வளையம் படபடவென்று அடித்துக்கொண்டது. 'ஸ்டியரிங் ஆடுது' என்று சொல்லி வண்டியை விட்டேன். டை ராடு எண்டு (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனைமூட்டு) இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். அதிர்வு அப்படியே இருந்தது. வேறோர் இடத்தில் சக்கரத்தைக் கழற்றி பேலன்ஸ் செய்து ஈயக்கட்டி வைத்த பிறகுதான் நின்றது. டை ராடு எண்டு தேய்ந்தால் வருவது ஃப்ரீ ப்ளே, சக்கரத்தின் எடை ஒருபக்கம் கூடினால் வருவது அதிர்வு. இரண்டுக்கும் ஒரே சொல்லை நான் சொன்னதால் வந்த வீண்செலவு அது. கலைச்சொல் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

> வெற்றுச்சுழற்சி?

அழகான சொல். ஆனால் கிளட்ச் மிதியிலும் பிரேக் மிதியிலும்கூட ஃப்ரீ ப்ளே உண்டு, அங்கே எதுவும் சுழல்வதில்லை. சொல் மூன்று இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

என் பரிந்துரை: வெற்றசைவு. வெற்று + அசைவு, வெற்றுரை போல. விளைவு தராத அசைவு. 'கிளட்ச் மிதியின் வெற்றசைவு', 'வெற்றசைவு கூடியிருக்கிறது', 'வெற்றசைவைச் சரிசெய்' எல்லாம் இயல்பாக வருகின்றன. பழுதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மிகை வெற்றசைவு' என்றால் போதும்.

பேக்லாஷ் என்பதையும் இதிலேயே அடக்கலாம் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் என்பேன். அது பற்சக்கரங்கள் கவ்வும் இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள சந்து; 'பல்லிடைவெளி' எனலாம். பல்லிடைவெளி காரணம், வெற்றசைவு விளைவு. பல் தேயாமல் பந்துமூட்டு (ball joint) தேய்ந்தாலும் வெற்றசைவு கூடும்.

அதிர்வுக்கு 'உதறல்' இருக்கட்டும், ஓட்டுநர்கள் ஏற்கெனவே சொல்வதுதான். நேர்சாலையில் கையை லேசாக விட்டதும் வண்டி ஒருபக்கம் போவதை 'இழுக்குது' என்கிறார்கள். டயரில் காற்று குறைந்தாலும், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறினாலும், ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடி நின்றாலும் அப்படி ஆகும். அதற்கு 'இழுவை' வேண்டாம். இயற்பியலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. 'பக்க இழுப்பு' என்று போடலாம்.

படகைத் திருப்பும் பலகையைக் குறிக்கும் சுக்கான் என்ற சொல் அரபியிலிருந்து வந்தது, எடுத்துவிடலாம் என்ற கருத்தையும் பார்த்தேன். நம் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல் அது. படகுக்கு அதை விட்டுவைப்போம். காருக்குத் திசைமாற்றி இருக்கிறதே.

கனரக வாகனம் ஓட்டுகிறவர்கள் குழுவில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: லாரிக்காரர்கள் ஃப்ரீ ப்ளேக்கு வேறு சொல் ஏதும் வைத்திருக்கிறார்களா? இருந்தால் வெற்றசைவைத் தொகுப்பில் ஏற்றும் முன் அதையும் எடைபோட்டுவிடலாம்.