பல்கனிக் கறிவேப்பிலை மஞ்சளாகிறது: இப்போதே உள்ளே எடுக்கலாமா?

பன்னிரண்டாம் மாடி (செப்டெம்பர் 14)

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருக்கிறேன். தெற்குப் பார்த்த பல்கனி. மே மாதம் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று இப்போது மூன்றடி உயரம். ஆடி, ஆவணியில் வாரத்துக்கு இரண்டு கறிக்குக் கிள்ளும் அளவுக்குத் தளிர்த்தது. பத்து நாட்களாக அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மேலே உள்ள இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகின்றன. இரவில் 11, 12 பாகை வரை இறங்குகிறது.

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. சென்ற வருடக் கன்றை ஒக்டோபர் கடைசிவரை வெளியில் விட்டுவிட்டேன். பனி விழப்போகிறது என்றதும் ஒரே நாளில் தூக்கிவந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று வாரத்தில் வெறும் குச்சி. ஜனவரியில் குப்பைக்குப் போயிற்று.

இந்த முறை என்ன செய்யலாம்? உள்ளே எடுக்கும்போதே பெரிய சாடிக்கு மாற்றலாமா? உரம் போட்டால் மஞ்சள் மாறுமா? யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, "புளித்த மோரை ஊற்று" என்று தினமும் தொலைபேசியில் சொல்கிறார். பக்கத்தில் மூன்று மிளகாய்ச் செடியும், காய் நிறைந்த ஒரு தக்காளியும் நிற்கின்றன. அவற்றுக்கும் வழி சொல்லுங்கள்.

மார்க்கம் கமக்காரன்

தங்கச்சி, இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகுமுன் கறிவேப்பிலை வீட்டுக்குள் இருக்க வேண்டும். உறைபனி வரட்டும் என்று பார்த்திருந்தால் பிந்திவிடும். உரம் வேண்டாம், பெரிய சாடியும் வேண்டாம். குளிர்காலத்தில் வேர் வளராது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல்தான் மிஞ்சும். சாடி மாற்றுவதைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மோர் வைத்தியம் கிணற்றடி மண்ணுக்குச் சரி. பூட்டிய வீட்டுக்குள் சாடியில் ஊற்றினால் நாற்றமும் கொசுவும் வரும். ஊற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பாவமில்லை.

மிளகாய்ப் பைத்தியம்

ஜூலையில் ஊற்றிய அளவுக்கே இன்னும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? மண் குளிர்ந்தால் வேர் உறிஞ்சுவது குறையும். அடியிலை மட்டும் மஞ்சளாவது பெரும்பாலும் அதனால்தான். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

குசினி யன்னல்

எல்லோரும் மஞ்சளைப் பற்றியே பேசுகிறீர்கள். இலை மினுங்குகிறது என்று பிள்ளை எழுதியதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லையே! கறிவேப்பிலைக்கு அந்த மினுக்கம் இயல்பில் கிடையாது. தொட்டுப் பாருங்கள், விரல் ஒட்டுகிறதா? சாடிக்குக் கீழே தரையும் பிசுபிசுக்கிறதா? இலையைத் திருப்பி நடு நரம்பையும், தண்டில் கிளை பிரியும் இடங்களையும் பாருங்கள்.

பன்னிரண்டாம் மாடி

அக்கா, சரியாகச் சொன்னீர்கள். தரை ஒட்டுகிறது. மேல்மாடிக்காரர் ஏதோ ஊற்றுகிறார் என்று இவ்வளவு நாளும் மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நடு நரம்பு நெடுக மண்ணிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள், பாதிப் பயறு அளவுகூட இல்லை. தண்டிலும் இருக்கின்றன. தண்டின் பாகம் என்றே நினைத்திருந்தேன். நகத்தால் சுரண்டினால் கழன்று வருகிறது.

குசினி யன்னல்

செதில்பூச்சி. அசையாது, பூச்சி மாதிரியே இருக்காது. மேலே ஓடு மாதிரி மூடிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மிஞ்சிய இனிப்பு நீரை வெளியே விடும். அதுதான் அந்தப் பிசுபிசுப்பு. கவனிக்காமல் விட்டால் அதன்மேல் கரி பூசினாற்போல் பூஞ்சணம் பிடிக்கும். இப்படியே உள்ளே எடுத்தால் மார்கழிக்குள் வீட்டில் உள்ள மற்றச் சாடிகளுக்கும் பரவும். அதனால் முதலில் சுத்தம், பிறகுதான் வீடு.

பழைய பற்தூரிகையால் தண்டைத் தேய்த்துப் பொட்டுகளைக் கழற்றுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருப்பவற்றைப் பஞ்சில் 70 வீத மதுசாரம் தொட்டு ஒற்றி எடுங்கள். பிறகு குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கமெல்லாம் படும்படி தண்ணீரைப் பீச்சுங்கள். மண் கரையாமல் சாடியின் வாயைப் பையால் கட்டிவிடுங்கள். காய்ந்ததும் செடிகளுக்கென்றே தோட்டக் கடையில் விற்கும் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அதைப் போட்டு நான் ஒரு தேசி மரத்தின் இலைகளைக் கருக்கியிருக்கிறேன். ஒரு தடவையோடு விடாதீர்கள். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒன்றாக மூன்று தடவையாவது செய்ய வேண்டும்.

மார்க்கம் கமக்காரன்

அக்காவின் கண்ணுக்கு வணக்கம். நான் தவறவிட்டுவிட்டேன். என்னுடைய பழக்கம் ஒன்றையும் சேர்க்கிறேன். நோய்பிடித்த கிளைகளை இப்போதே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவேன். பூச்சியும் குறையும், இடமும் மிஞ்சும்.

குசினி யன்னல்

அதில் மட்டும் நான் ஒத்துவரமாட்டேன். இப்போது வெட்டினால், உள்ளேயுள்ள வெக்கைக்கு உடனே தளிர் விடும். வெளிச்சம் போதாமல் அந்தத் தளிர் வெளிறி நீளும். செதில்பூச்சிக்கு அது விருந்து. நான் பங்குனியில்தான் வெட்டுவேன்.

மார்க்கம் கமக்காரன்

இருபது வருடமாக வெட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என்னிடம் விளக்கு இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். விளக்கு இல்லாவிட்டால் அக்கா சொல்வதைக் கேளுங்கள்.

தெற்கு யன்னல்

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டிசெம்பர் 21 வாக்கில் ரொறன்ரோவில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம்தான். யாழ்ப்பாணத்தில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குப் பழகிய மரம் இங்கே இலையைக் கொட்டுவதில் என்ன அதிசயம்? செடி வளர்க்கும் எல்.ஈ.டி. விளக்கை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டால் பாதி இலையாவது நிற்கும். ஹீற்றர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி என்ற சாறுறிஞ்சும் நுண்பூச்சியும் வந்து சேரும்.

இன்னொன்று கேட்கவேண்டும். சென்ற வருடக் கன்றைக் குப்பையில் போடுமுன் தண்டைக் கீறிப் பார்த்தீர்களா?

பன்னிரண்டாம் மாடி

இல்லையே. கீறினால் என்ன தெரியும்?

தெற்கு யன்னல்

நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். பச்சை என்றால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் பச்சை நிற்கலாம். என்னுடையது மூன்று வருடமாக தை, மாசியில் மொட்டைக் குச்சியாகத்தான் நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் அரைக் கோப்பைத் தண்ணீர், அவ்வளவுதான். பங்குனிக் கடைசியில் கணுக்களில் முளை கிளம்பும். இலை இல்லையே என்ற கவலையில் ஆட்கள் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் கொல்கிறார்கள்.

பன்னிரண்டாம் மாடி

இதைச் சென்ற வருடம் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா! நானும் தினமும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

மிளகாய்ப் பைத்தியம்

மிளகாயை மறந்துவிட்டீர்கள் எல்லோரும். மூன்றில் நன்றாகக் காய்த்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் பல ஆண்டுச் செடி, குளிர்தான் இங்கே அதை ஒரு வருடத்தில் முடிக்கிறது. காயைப் பறித்து, ஆறேழு அங்குலம் விட்டு வெட்டி, கறிவேப்பிலையைக் கழுவியதுபோலவே கழுவி உள்ளே எடுங்கள். அடுத்த வருடம் ஜூன் மாதத்திலேயே காய்க்கும்.

தக்காளியைக் காப்பாற்ற முயல வேண்டாம். நுனிகளையும் புதுப் பூக்களையும் கிள்ளிவிடுங்கள், இனி வரும் பூ பழமாகாது. உறைபனி எச்சரிக்கை வந்தால் முற்றிய பச்சைக் காய்களைப் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் போட்டு மேசையில் வைத்தால் பழுக்கும். பிஞ்சுகள் பழுக்காது, ஊறுகாய்க்கு எடுங்கள்.

மார்க்கம் கமக்காரன்

மண் சாடிகளை வெறுமையாக்கி உள்ளே எடுங்கள், ஈரம் உறைந்தால் வெடிக்கும். நிலம் உள்ளவர்களுக்கு: உள்ளி (பூண்டு) நட ஒக்டோபர்தான் காலம். கூர்முனை மேலே, இரண்டு அங்குல ஆழம், மேலே உதிர்ந்த இலைப் போர்வை. அடுத்த ஜூலையில் கிண்டலாம்.

பன்னிரண்டாம் மாடி (நவம்பர் 30)

மூன்று தடவை கழுவித் தெளித்து, செப்டெம்பர் 28 அன்று உள்ளே எடுத்தேன். முதல் ஒரு வாரம் இரவில் மட்டும் உள்ளே, பகலில் பல்கனி. விளக்கு வாங்கியாயிற்று. வெட்டவில்லை, அண்ணா மன்னிக்கவும். பாதி இலை கொட்டிவிட்டது. நேற்று கீழ்த்தண்டைக் கீறிப் பார்த்தேன், பச்சை. மேலே ஒரு கிளையில் புதிதாக இரண்டு பொட்டுகள் கண்டேன், ஒற்றி எடுத்துவிட்டேன். திரும்ப மூன்று வாரமும் தெளிக்க வேண்டுமா, அல்லது பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா?

குசினி யன்னல்

இரண்டு தெரிந்தால் இருபது தெரியாமல் இருக்கும். தெளியுங்கள் பிள்ளை.