போர்ச்சுகலின் போர்ட்டோவில் நீண்ட நாள் தங்கல்: ஒரு திருத்தம், இரண்டு சேர்க்கை

ஓய்வுபெற்றவர்களுக்கான முந்தைய இழையில், சாவ் பெந்தோ ரயில் நிலையத்திலிருந்து ரிபெய்ரா ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம் என்று எழுதியிருந்தேன். இறங்குவது சரி, திரும்பி ஏறுவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். மழை நனைத்த கருங்கல் சரிவில் தேய்ந்த செருப்பு வழுக்கும். ஏறுவதற்கு, 1886-இல் திறந்த தோம் லூயிஸ் பாலத்தின் கீழ்த்தளம் அருகிலிருந்து மேலே உள்ள பட்டால்யா சதுக்கப் பகுதிக்குக் கம்பிவட ரயில் போகிறது.

மெட்ரோவில் ஏறுமுன் கருவியில் தட்டும் அந்தாந்தே பயண அட்டை ஆளுக்கொன்று வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தட்டினால் ஒருவர் டிக்கெட் இல்லாப் பயணிதான், சோதனையில் மாட்டினால் அபராதம். வண்டி மாறினாலும் மறுபடி தட்டணும்.

ஷெங்கன் விசா, அதாவது போர்ச்சுகல் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய காலத் தங்கல் விசா, "மூன்று மாதம்" அல்ல. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் அதிகபட்சம் 90 நாள். வந்த நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.