மூளை ஆய்வகமும் டெக் கம்பெனியும் கைகோக்கலாமா?

வியாசர்பாடி செல்வி:
கைகோக்கணும்னுதான் சொல்வேன். 2023ல சான் பிரான்சிஸ்கோவுல நடந்ததைப் பாருங்க. பக்கவாதத்துல 18 வருஷமா பேச முடியாம இருந்த ஒரு அம்மாவுக்கு மூளை மேல 253 மின்முனை உள்ள மெல்லிய தகட்டை வச்சாங்க. அவங்க பேச நினைச்சது நிமிஷத்துக்கு 78 வார்த்தை வேகத்துல வெளியே வந்தது. மூளை சிக்னலைப் படிச்சு வார்த்தையாக்கினது பல்கலைக்கழக ஆய்வுக்குழு. அதுக்கேத்த மாதிரி திரையில முகத்தை அசைய வச்சது ஸ்பீச் கிராஃபிக்ஸ்ங்கிற கம்பெனியோட மென்பொருள். தனித்தனியா இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

காசிமேடு கணேஷ்:
நடந்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னும் பாருங்கக்கா. செகண்ட் சைட் கம்பெனி பார்வை போனவங்களுக்கு ஆர்கஸ் 2ன்னு விழித்திரைக் கருவி வச்சது. அமெரிக்காவுல 2013ல அனுமதி வாங்கினது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல பொருத்திட்டு, பணம் கட்டுப்படியாகலைன்னு கைவிட்டுட்டாங்க. கருவி கண்ணுக்குள்ள இருக்கு, பழுது பார்க்க ஆள் இல்லை. ஆய்வாளருக்குக் கட்டுரை, முதலீட்டாளருக்கு அடுத்த கம்பெனி. நோயாளிக்கு?

வியாசர்பாடி செல்வி:
அது பணம் போட்டவங்க குத்தம் தம்பி, கூட்டு முயற்சியோட குத்தம் இல்லை. ஐஐடி மெட்ராஸ் மூளை மையம் 2024ல கருப்பையில வளர்ற சிசுவோட மூளை எப்படி இருக்கும்னு காட்ட, 5,132 மெல்லிய வெட்டுத் துண்டுகளோட படங்களை ‘தரணி’ன்னு வெளியிட்டது. டாக்டரும் இன்ஜினியரும் சேர்ந்து செஞ்சதுதான். யார் வேணா இலவசமா பார்க்கலாம்.

தண்டையார்பேட்டை மாலா:
நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவ. ரெண்டு பேரும் வெளிநாட்டுக்கும் ஐஐடிக்கும் போயிட்டீங்க, நம்ம தெருவுலயே இருக்கிறதைச் சொல்றேன். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்காதவங்களுக்கு உள்காதுல வைக்கிற கருவி. அதுல பல மின்முனை உள்ள ஒரு வகையை 1978ல மெல்போர்ன்ல கிரேம் கிளார்க்ங்கிற டாக்டர் இன்ஜினியர்களோட சேர்ந்து உருவாக்கிப் பொருத்தினார். கம்பெனி கைக்குப் போனதாலதான் அது உலகம் பூரா வந்தது. இன்னிக்கு முதலமைச்சர் காப்பீட்டுல நம்ம குழந்தைங்களுக்கு இலவசமா கிடைக்குது. செல்வி சொல்றது அந்த அளவுக்குச் சரி.

ஆனா வெளியே மாட்டுற மெஷின்ல இருந்து தலையில ஒட்டுற காயிலுக்குப் போற ஒயர் மடிப்புல விட்டுப்போகும். கடல் காத்தும் வியர்வையும் வேற. காது கேக்குதான்னு பார்க்க வாயை மறைச்சுக்கிட்டு ‘ஆ’ சொல்வேன், ‘ஷ்’ சொல்வேன். நேத்து வரைக்கும் திரும்பின குழந்தை இன்னிக்கு திரும்பாது. ஒயரை மாத்தினதும் திரும்பும். அந்த ஒயர் வாங்க முடியாம வாரக்கணக்கா மெஷினைக் கழட்டி வச்சிருக்கிற வீடுங்க உண்டு. பேச்சு வர வேண்டிய வயசுல போற வாரங்கள் அதெல்லாம். இந்த வயிறெரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

காசிமேடு கணேஷ்:
இதைத்தான் நானும் சொல்றேன் மாலாக்கா. உதிரி பாகமும் பழுதுபார்ப்பும் எத்தனை வருஷம், கம்பெனி மூடினா யார் பொறுப்புன்னு முதல்லயே எழுதி வாங்கணும். எழுதித் தராத கம்பெனியோட எந்த ஆய்வகமும் கையெழுத்து போடக் கூடாது.

வியாசர்பாடி செல்வி:
எழுதி வாங்குறதுக்கு நான் சம்மதம். ஆனா சின்னக் கம்பெனிகிட்ட இருபது வருஷ உத்தரவாதம் கேட்டா ஆரம்பத்துலயே ஓடிப்போகும். அந்தப் பொறுப்பைக் காப்பீட்டுத் திட்டமே எடுக்கணும், ஒயர்ல இருந்து தொடங்கி.