ஓட்டமாவடிப் பாலமும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளமும்

ஏறாவூரிலிருந்து

மாதிரிப் புகையிரதம் கட்டுகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது மலைக்கும் சுரங்கத்துக்கும். எங்கள் பக்கத்தில் இரண்டும் இல்லை. புணானையிலிருந்து மட்டக்களப்பு வரை காடு, வயல், மணல், தண்ணீர், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்டது பழைய ஓட்டமாவடிப் பாலம். பஸ்ஸும் மாட்டுவண்டியும் புகையிரதமும் ஒரே தளத்தில் முறைவைத்துப் போன காலத்துப் பாலம். பக்கத்தில் புதிய வீதிப் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை.

முதல் சிக்கல் அளவு. கடையில் கிடைக்கிற மாதிரிப் புகையிரதப் பெட்டிகளில் பெரும்பாலானவை எச்ஓ (HO) என்ற அளவு, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு (1:87). அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு அது சரி. நம்முடைய அகலப் பாதையோ 1676 மி.மீ.; 1:87இல் அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். வயல்வெளியில் ஓடும்போது இந்தக் குறையை யாரும் கவனிக்கமாட்டார்கள். பாலத்தில், தண்டவாளத்தின் மேலேயே ஒரு பஸ் நின்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் 1:100க்கு இறக்கினேன். நூறால் பெருக்கினால் 1650. மாதிரியில் குறைவது கால் மில்லிமீற்றர். கட்டடக் கலைஞர்களும் 1:100இல் மாதிரி செய்வதால் மனித உருவங்களும் கார்களும் மலிவாகவே கிடைக்கின்றன. எச்ஓதான் வேதம் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அளவுகோலை மட்டும் நீட்டுகிறேன்.

இதற்கு விலை, இயந்திரத்தின் உடலை நாமே வெட்டி ஒட்ட வேண்டும் என்பது. 1954இல் கனடாவிலிருந்து வந்து, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எம்2 டீசல் இயந்திரத்தை பிளாஸ்டிக் தகட்டில் செய்து, எச்ஓ அடிச்சட்டத்தின் மேல் பொருத்தினேன்.

பாலத்தில் அதிக நேரம் தின்றது தளம்தான். வீதிப்பரப்பு தண்டவாளத்தின் தலையைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக வைத்தால், தண்டவாளத்தைத் துடைக்கும் ஒவ்வொரு தடவையும் தார் நிறம் உரிந்து வரும். சக்கர விளிம்பு போகத் தண்டவாளத்தின் உட்பக்கமாக 1.3 மி.மீ. அளவில் பள்ளம் விட்டேன். அதில் ஒரு மணல் பரல் விழுந்தாலும் இயந்திரம் தடம் புரளும்.

ஓய்வுபெற்ற சாரதி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பார்க்க வந்தவர் நிறத்தைப் பற்றியோ பெட்டிகளைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் குமிழைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "தம்பி, பாலத்தில் இப்படியா பறப்பது?" என்று கேட்டுவிட்டு, இயந்திரம் நிற்கிறதா ஊர்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இறக்கினார். பிறகு நான் கணக்குப் பார்த்தேன். மணிக்கு 20 கி.மீ. என்பது 1:100இல் விநாடிக்கு ஐந்தரை சென்ரிமீற்றர்தான். 90 செ.மீ. பாலத்தைக் கடக்கப் பதினாறு விநாடி. அந்த வேகத்தில் திக்கித் திணறாமல் ஓட வேண்டுமென்றால் சக்கரமும் தண்டவாளமும் பளிச்சென்று இருக்க வேண்டும். அழுக்கு தெரியாமல் ஓடிவிடுவது வேகமாகப் போகும்போதுதான். அவர் இரண்டு நடை ஓட்டினார், தேநீர் குடித்தார், பேரனோடு திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காரைதீவிலிருந்து

அண்ணா, உங்களுக்காவது பார்த்துச் செய்ய ஒரு பாதை இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் புகையிரதமே கிடையாது. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. பொத்துவில் வரை நீட்டுவோம் என்ற பேச்சு மட்டும் வந்து வந்து போகிறது. நான் காத்திருக்கவில்லை. பிளைவூட் பலகையில் கல்முனைக்குக் கொண்டுவந்துவிட்டேன், நிலையப் பெயர்ப்பலகை உட்பட.

காட்சியமைப்பில் எனக்குக் கைகொடுத்தது வீடு கூட்டும் தும்புத்தடி. தும்பைக் கட்டுக்கட்டாக ஒரு சென்ரிமீற்றருக்கு வெட்டி, பசை தடவிய பரப்பில் நெருக்கமாக நட்டு, நுனியில் மட்டும் மஞ்சள் தெளித்தால் அறுவடைக்கு நிற்கும் நெல் வேளாண்மை. வரம்புகளை முதலிலேயே களிமண்ணில் போட்டுவிட வேண்டும். ஓரத்தில் ஒரு வாடியும் (வயல் குடிசை) வைத்திருக்கிறேன்.

தண்டவாளத்தின் கீழே பரப்பும் சல்லிக்கல்லுக்குக் கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். உப்பு ஒருபுறம், நம் கரையில் கருமணலும் கலந்திருக்கிறது. காந்தத்தை உள்ளே காட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வரும். அது மோட்டாருக்குள் போனால் மோட்டார் போயிற்று. கல்லுடைக்கும் இடத்துத் தூளைத் தேநீர் வடிகட்டியால் சலித்துக் கழுவி எடுக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து

வாவி செய்ய நினைப்பவர்கள் இப்போதே தொடங்குங்கள். தண்ணீருக்காக ஊற்றும் எபொக்சிப் பிசினை மாரியில் ஊற்றினால் ஈரக்காற்றுக்கு மேற்பரப்பு பால்போல் மங்கிவிடும். நீல நிறமும் வேண்டாம். அடியில் நடுவே கரும்பச்சை, கரையோரம் மணல் நிறம், கண்ணாப் பற்றைக்கு (அலையாத்தி) கீழே சேற்றுக் கபிலம். அதன்மேல் மெல்லிய படைகளாக ஊற்றுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் ஐப்பசி பிறந்ததும் பிளைவூட் வளைந்து, இணைப்புகள் விலகத் தொடங்கும்.

ஏறாவூர் அண்ணா, பாலத்தின் இரும்புக் குறுக்குச் சட்டங்களை எதில் செய்தீர்கள்? அட்டையா, பித்தளையா?